தலைமுடி எண்ணுகிறவள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் முடியக்கா உள்ளதைச் சொல்லிவிடுவாள். "தலைமுடி எண்ணறேன்." கேட்டவர் சிரிப்பார். நக்கல் செய்கிறாள் என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோர மேசையில், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, பத்தொன்பது வருடமாகத் தக்காளி இலையில் இருக்கும் முடியை எண்ணிக்கொண்டிருந்தாள். வேலையே பெயராகவும் ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தக்காளிக்கு ஏது முடி என்று கேட்கிறவர்கள் ஒருதரம் அதன் தண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கட்டும். பிறந்த குழந்தையின் முதுகில் இருப்பதுபோல மெல்லிய ரோமம் தெரியும். அதில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் ஊசி. மற்றொன்றுக்குக் காம்பு உண்டு, காம்பின் நுனியில் உருண்டையாகத் தலையும் உண்டு. படித்தவர்கள் இந்த இரண்டாவதைச் சுரப்பித் தூவி என்பார்கள். நாள் முழுக்க அதை வாய் வலிக்கச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? தலை உள்ள முடி என்பதால் ஆய்வுக்கூடத்தில் அது தலைமுடி ஆயிற்று. தலை இல்லாத செடி மொட்டை. ஆய்வுக்கூடத்துத் தலைவருக்கு நிஜமாகவே வழுக்கை. "இன்னைக்கு வந்த பத்தும் சுத்த மொட்டை சார்" என்று முடியக்கா அவரிடம் போய்ச் சொல்லும்போது மற்றவர்கள் குனிந்து பேனாவைத் தேடுவார்கள்.

அந்தத் தலைவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் ஓடிவிடுகிற டாக்டர். செடிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் புது ரகம் உண்டாக்குவது அவர் படிப்பு. முடியக்கா அங்கே சேர்ந்தது, மைக்ராஸ்கோப்பில் இலையை வைத்துப் பார்க்கிற கண்ணாடிச் சில்லுகளைக் கழுவுகிற வேலைக்கு. ஒருநாள் கழுவ வந்த சில்லு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல பாதி தலை நசுங்கியிருக்கு சார், இதையா எண்ணுனீங்க?" என்று கேட்டுவிட்டாள். வெறுங்கண்ணால் அதைப் பார்த்தவளைக் கழுவுகிற தொட்டியில் விட்டுவைப்பாரா மனிதர்? மறுநாளே முக்காலி கிடைத்தது.

அவளுக்கு அந்த முடிமேல் ஒரு மரியாதை இருந்தது. தலை என்று நாம் சொல்கிற உருண்டையில் நாலு அறை. ஒவ்வோர் அறையிலும் செடி தானே காய்ச்சிய சாறு நிற்கும். ஒரு பூச்சி இலையில் இறங்கி நடக்கும்போது கால் தலையில் இடிக்கும். தலை பட்டென்று உடையும். சாறு காலில் பூசிக்கொள்ளும், காற்றுப் பட்டதும் பழுப்பாகி இறுகும். பூச்சி அடுத்த அடி எடுத்து வைக்கும்போது இன்னொரு தலை உடையும். நாலைந்து அடிக்குள் அதற்குக் காலில் செருப்புப் போட்ட கதைதான், அப்புறம் வாயும் ஒட்டிக்கொள்ளும். ஓடவும் தெரியாத, அடிக்கவும் தெரியாத செடி, இருந்த இடத்தில் நின்றபடியே இப்படி ஒரு காவல் வைத்திருக்கிறதே என்று அவள் மதிய இடைவேளையில் வேலை இல்லாமலும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சாறு பூச்சியை மட்டுமா பிடிக்கும்? செடியைத் தொட்ட கையையும் பிடிக்கும். முதலில் மஞ்சளாக இருக்கும், அப்புறம் பச்சையாகும், கடைசியில் தார் பூசியது போலக் கறுப்பாகிவிடும். சோப்புப் போட்டால் மறுபடி மஞ்சள் தண்ணீராக வடியும், கறை மட்டும் நகக்கண்ணில் உட்கார்ந்திருக்கும். புளித்த காய்த் தக்காளியை நசுக்கித் தேய்த்தால் கொஞ்சம் போகும். செடியின் கறைக்குச் செடியின் காயே மருந்து. முடியக்காவுக்கு முப்பது வயதில் ஓர் அச்சுக்கூடக்காரரோடு பேச்சு நடந்தது. நல்ல மனிதர். ஒரு மாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டையைப் பார்த்திருக்கிறார். கறையைப் பார்த்து ஓடினாரா, வேறு காரணமா, அது அவருக்குத்தான் வெளிச்சம். "மை பூசுற ஆளுக்கே என் கை கறுப்பாப் பட்டுதுன்னா பாரேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவாள்.

கல்யாணம் ஆகாததில் அவளுக்கு அப்படியொன்றும் குறையில்லை. அவளுக்குத் தங்கை இருந்தாள். அம்மா போனபோது தங்கைக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. தலை பின்னிவிட்டதும் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் தையல் யூனிட்டில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். பிறகு தங்கை ஒரு வேன் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். அவர் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பெலும்பு நகர்ந்து, இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் யோசித்து, ஊர் விளிம்பில் ஓர் இடத்துக்காரரிடம் பிளாஸ்டிக் கூடாரம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். உள்ளே எண்ணூறு தக்காளிச் செடி நிற்கும். தங்கை தையல் வேலையை விட்டுவிட்டாள். இடத்துக்காரர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். முதல் போகம் ஒழுங்காக வந்தால் இடம் அவர்களுக்கு, வராவிட்டால் வரிசையில் வேறு ஆள் நிற்கிறார். இடம் போனால் அவர்களுக்குப் போக்கிடம் வேறு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கூடத்தில் நாற்பத்தேழாம் நம்பர் செடி எல்லோர் வாயிலும் புகுந்திருந்தது. மலையில் முளைக்கிற காட்டுத் தக்காளி ஒன்றை நாட்டுத் தக்காளியோடு சேர்த்து டாக்டர் எடுத்த ரகம் அது. காட்டுத் தக்காளிக்கு உடம்பெல்லாம் தலைமுடி, இலையில் சாறு உறிஞ்சுகிற வெள்ளை ஈ அண்டாது. பழம் மட்டும் கோலிக்குண்டு அளவு, கசப்பு வேறு. நாற்பத்தேழில் பழம் பெரிது, முடி காட்டுச் செடிக்குச் சமம். முடியக்கா எண்ணிப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் தெரிகிற ஒரு கட்டத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு தலை. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மூன்று தரம் எண்ணினாள். நூற்றுப்பன்னிரண்டு, நூற்றுப்பத்து, நூற்றுப்பன்னிரண்டு.

இன்னொரு நல்ல விஷயமும் அவள் கண்ணில் பட்டது. நாற்பத்தேழின் இலையை எத்தனை கிள்ளினாலும் விரல் கறுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்குச் சுத்தமான கையோடு போனாள். பக்கத்து மேசைப் பெண்ணிடம் விரலை விரித்துக் காட்டினாள். "பாரு, என் கை எனக்கே அடையாளம் தெரியல! பத்தொன்பது வருஷம் கழிச்சு ஒரு புண்ணியவதி செடி வந்திருக்கா." அந்தப் பெண்ணும் சிரித்தாள். டாக்டரும் அந்த வழியாகப் போனவர் சிரித்துவிட்டுத்தான் போனார். அங்கே வேலை பார்க்கிற ஒருவருக்காவது அந்த நிமிஷத்தில் புத்தி வேலை செய்திருக்கக் கூடாதா? கறையை வேலையின் சனியன் என்று நினைத்து நினைத்தே பழகிய கூட்டம். சனியன் தொலைந்தால் யாராவது ஏன் தொலைந்தது என்று கேட்பார்களா?

முறைப்படி பார்த்தால், செடியைப் பூச்சி அறையில் வைத்து வெள்ளை ஈயை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். பூச்சி அறையில் குளிர்சாதனம் பழுதாகி, வளர்த்த ஈயெல்லாம் செத்துக் கிடந்தது. பழுது பார்க்க ஒரு பருவம் ஆகும் என்றார்கள். விதைக்கும் பருவமோ வாசலில் நின்றது. டாக்டர் முடியக்காவின் தாளைத் தூக்கிக் காட்டினார். "நூத்திப்பன்னிரண்டு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" முதல் தடவையாகக் கொஞ்சம் விவசாயிகளுக்கு விதை கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

தங்கை அன்று மாலையே போன் செய்தாள்.

"அக்கா, நாத்துக்காரர் மூணு ரகம் சொல்றார். எதைப் போடட்டும்?"

"மூணையும் விடு. எங்க நாப்பத்தேழு வருது. கண்ண மூடிட்டுப் போடு."

"ஈ வருமாமே இந்தப் பக்கம். இரட்டை வலை கட்டணும்னு சொல்றாங்க. பக்கத்துல மருந்து அடிச்சாலே இவருக்கு இருமல் நிக்க மாட்டேங்குது."

"வலையும் வேணாம், மருந்தும் வேணாம். நானே எண்ணுனேன்டி. ஈ வந்து உக்காந்துச்சுன்னா அங்கயே சமாதி."

தங்கை அதற்கு மேல் கேட்கவில்லை. எண்ணூறு குழியிலும் நாற்பத்தேழு இறங்கிற்று. இரண்டு மாதம் செடி தள தளவென்று வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் முடியக்கா கூடாரத்துக்குள் நடந்து, தண்டை வெளிச்சத்தில் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வருவாள். பூ வைத்து, முதல் கொத்தில் காய் உருண்டது. தங்கையின் கணவர் இடுப்புப் பட்டையோடு முக்காலியில் உட்கார்ந்தபடியே கொடி கட்டப் பழகிவிட்டார். "அக்கா, வேன்ல போனப்ப எல்லாரும் என்னைப் பாத்து ஹாரன் அடிச்சாங்க. இதுங்க சத்தமே போடல பாருங்க" என்றார்.

அப்புறம் ஒரு புதன்கிழமை போன் வந்தது. "அக்கா, செடியைத் தொட்டா தூசி மாதிரி வெள்ளையா எழும்புது."

"எழும்பும். ரெண்டு நாள்ல எல்லாம் ஒட்டிக்கிட்டுச் சாகும் பாரு."

வெள்ளிக்கிழமை மறுபடி போன் வந்தது. "சாகலக்கா. ஜாஸ்தியா இருக்கு. நாத்துக்காரர் உடனே மருந்து அடிக்கச் சொல்றார்."

"அந்தாளுக்கு என்ன தெரியும்? பொறு. இந்த ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து நானே பாக்கறேன்."

இந்த நாட்களைத்தான் பின்னால் அவள் திரும்பத் திரும்ப விரல் விட்டு எண்ணினாள். புதன் தொடங்கி அடுத்த ஞாயிறு வரைக்கும் பதினொரு நாள். முதல் நாளே மருந்து அடித்திருந்தால் பாதிச் செடியாவது நின்றிருக்கும் என்று நாற்றுக்காரர் பிறகு சொன்னார். அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார்.

அந்த ஞாயிறு அவள் கூடாரத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள். செடியைத் தட்டினால் மாவு சலித்ததுபோல ஈ எழுந்து மறுபடி உட்கார்ந்தது. குருத்து இலைகள் கிண்ணம் போலச் சுருண்டு மஞ்சளாகியிருந்தன. பையில் இருந்த கை லென்ஸை எடுத்து ஓர் இலைக்கு அடியில் பிடித்தாள். தலைகள் இருந்தன. அவள் எண்ணியபடியே, ஒன்றுகூடக் குறையாமல், நெருக்கமாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஈக்கள் சந்தைக்கு வந்த கூட்டம் போல நிதானமாக நடந்துகொண்டிருந்தன. ஒன்று ஒரு தலையை இடித்தது. தலை உடைந்தது. ஈ காலை எடுத்து அடுத்த இடத்தில் வைத்து, குனிந்து உறிஞ்ச ஆரம்பித்தது.

முடியக்கா தண்டை அழுத்தி உருவினாள். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள். தக்காளிச் செடிக்கென்று ஒரு வாடை உண்டே, தூரத்தில் வரும்போதே தெரியுமே, அது இல்லை. இலையைக் கசக்கினாள். வாடை இல்லை. இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தன. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் உறைத்தது.

"என்னக்கா?" என்றாள் தங்கை.

"உள்ள ஒண்ணும் இல்லடி. தலை இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல."

"அப்படின்னா?"

அப்படியென்றால், சாறு காய்ச்சத் தெரியாத தலை. காட்டுத் தக்காளியிடமிருந்து முடி வந்திருக்கிறது, முடிக்குள் நிற்க வேண்டிய சரக்கு வரவில்லை. அவள் மூன்று தரம் எண்ணியது நூற்றுப்பன்னிரண்டு காலிப் பாத்திரத்தை.

திங்கட்கிழமை காலை டாக்டர் வருமுன்பே அவர் அறை வாசலில் நின்றாள். கூடாரத்து இலையை வைத்துச் சில்லு தயாராக இருந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, மேல் கண்ணாடியைப் பென்சில் முனையால் மெல்ல அழுத்தினார். தலைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. வெறும் தண்ணீர் பரவிற்று, பழுப்பாகவும் இல்லை, இறுகவும் இல்லை.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்றார் கடைசியில். வழுக்கையைத் தடவிக்கொண்டார். "நீ எண்ணுனது சரிதாம்மா. உன் மேல தப்பு இல்ல."

"சரியா எண்ணுனதுதான் சார் தப்பு. கையில கறை ஆகல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கறை ஆகலைன்னு சந்தோஷப்பட்டேன் சார். எல்லாருக்கும் கையக் காட்டுனேன்."

"எனக்கும்தானே காட்டுன."

இருவரும் அவள் நிரப்பிய தாளைப் பார்த்தார்கள். தலை உண்டு, தலை இல்லை, எண்ணிக்கை என்று மூன்று கட்டம். தலைக்குள் என்ன இருக்கிறது என்று எழுத நாலாவது கட்டம் யாரும் போடவில்லை.

"நட்ட செடிக்கு என்ன பண்றது சார்?"

மீதி விதையைத் திரும்ப வாங்கிவிடலாம், விவசாயிகளுக்குக் கடிதம் போடலாம், அடுத்த பருவத்துக்கு மாற்று விதை தரலாம் என்றெல்லாம் டாக்டர் அடுக்கினார். அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவர் பென்சிலை மேசையில் வைத்தார். "ஈ வெறும் சாறு குடிக்கறதோட நிக்கறதில்ல. வைரஸையும் இறக்கிட்டுப் போகுது. இலை சுருண்டுடுச்சுன்னா அதுக்கு மருந்து கிடையாதும்மா. எங்கயும் கிடையாது." அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் வருத்தப்பட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

முடியக்கா ஒரு வாரம் லீவு போட்டுத் தங்கை வீட்டிலேயே தங்கினாள். மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கூடாரம் முழுக்கத் தொங்கவிட்டாள். செடி செய்ய வேண்டிய வேலையை அட்டையாவது செய்யட்டும் என்ற ஆசை. அட்டைகள் ஒரே நாளில் வெள்ளையாகின, கூட்டம் குறையவில்லை. மருந்தும் அடித்துப் பார்த்தார்கள். தங்கையின் கணவரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு அவளே பம்ப்பைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? காய்த்த காய்கள் அதே அளவில் நின்றுவிட்டன, மேல்கொத்துப் பூக்கள் உதிர்ந்தன. ராத்திரி படுத்தால் மூன்று பேரும் தூங்குகிற மாதிரி நடித்தார்கள். அடுப்படியில் தங்கை குழாயைத் திறந்துவிட்டு அழுவது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அக்காவுக்குக் கேட்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளை யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு அழலாம். தங்கையின் கணவர் வந்து, "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, செடி ஏமாத்திடுச்சு" என்றார். தங்கை அவள் தட்டில் எப்போதும் போலவே இன்னொரு கரண்டி வைத்தாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளே ஆரம்பித்தாள். "என்னத் திட்டுடி. வலை வேணாம்னு சொன்னது யாரு? பதினோரு நாள் பொறுன்னு சொன்னது யாரு?"

"நீ வேணும்னா சொன்ன?" என்றாள் தங்கை. "நானும்தான் தெனமும் செடிய தொட்டேன். கை கறுக்கலையேன்னு நானும்தான் சந்தோஷப்பட்டேன். சின்னப் புள்ளையில நீ அந்தக் கையோட தலை வாரிவிடும்போது பள்ளிக்கூடத்துல ரிப்பன்ல கறைன்னு சிரிப்பாங்க. நமக்கு அப்படி இல்லையேன்னு நெனச்சேன்."

முடியக்காவுக்கு இது தெரியாது. இத்தனை வருடமாக இவள் இதைச் சொன்னதேயில்லை. வெளியே போய்க் கூடாரத்துப் படியில் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை செடிகளைப் பிடுங்கினார்கள். ஈயோடு அப்படியே விட்டால் அக்கம்பக்கத்துக் கூடாரமும் போய்விடும், மூட்டை கட்டி எரிக்க வேண்டும் என்று நாற்றுக்காரர் சொல்லியிருந்தார். காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரைக்கும் வரிசை வரிசையாகப் பிடுங்கி, கறுப்புப் பையில் திணித்துக் கட்டினார்கள். இடுப்புப் பட்டைக்காரர் முக்காலியை நகர்த்தி நகர்த்திக் கயிற்றை அறுத்துக் கொடுத்தார். பிடுங்கும்போது கட்டாத கொடி ஒன்று தங்கையின் தோளில் சாய்ந்தது. அவள் அதைத் தட்டிவிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

கடைசி மூட்டை வெளியே போகும்போது இடத்துக்காரர் வந்துவிட்டார். வெறுமையான கூடாரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார். முடியக்கா ஓரமாக நகர்ந்துகொண்டாள். இப்போது சாவியைக் கேட்பார் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. தங்கை இடுப்பில் செருகியிருந்த சாவியைக் கையில் எடுத்தே விட்டாள்.

மனிதருக்கு என்ன தோன்றியதோ, சாவியை வாங்கவில்லை. "எண்ணூறு செடியையும் நீங்களே பிடுங்கிச் சுத்தம் பண்ணிட்டீங்க. ஓடிப்போற ஆளுங்க இல்லன்னு தெரியுது" என்றார். "இன்னொரு போகம் பாருங்க. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை என்ன விதை போடப்போறீங்க, அது நிக்கும்னு யார் சொல்றாங்க, அது எனக்குத் தெரியணும். பதில் சொன்னா நான் கிளம்பறேன். இல்லன்னா வரிசையில நிக்கறவரை வரச் சொல்லிடறேன்."

தங்கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது.

"எங்கக்கா சொல்வா சார்" என்றாள். "விதைக் கம்பெனியில இருக்கா. பத்தொன்பது வருஷமா இதே வேலைதான்." திரும்பி, "சொல்லுக்கா" என்றாள்.

முடியக்கா வாயைத் திறந்தாள். ஆய்வுக்கூடத்தில் நாற்பத்தெட்டு இருந்தது, ஐம்பத்தொன்று இருந்தது, ஒவ்வொன்றுக்கும் அவள் எண்ணி எழுதிய கணக்கு மனப்பாடமாக இருந்தது. எந்தத் தலைக்குள் சாறு இருக்கிறது என்ற கணக்கு மட்டும் அவளிடம் இல்லை. இடத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கை சிரித்த முகத்தோடு அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.